திமில் இல்லாத துரை

ஜீவராணி பிறந்த அன்று அழவில்லை, கொட்டாவிதான் விட்டாள் என்று ஊத்துக்காட்டுத் தோட்டத்தில் இன்றைக்கும் சொல்வார்கள். மருத்துவச்சி தலைகீழாகத் தூக்கி முதுகில் இரண்டு தட்டு தட்டினாளாம். பிள்ளை ஒற்றைக் கண்ணைத் திறந்து, 'விடியட்டுமே, இப்போது என்ன அவசரம்' என்பதுபோல் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டதாம். மருத்துவச்சி சொன்னதில் பாதியைத் தள்ளிவிடலாம். ஆனால் அதற்குப் பிறகு வந்த நாற்பத்தாறு வருடத்தில் அந்தக் கொட்டாவியை முழுசாக விட்டு முடிக்க அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை என்பதில் ஒரு சொல்கூடக் கலப்படமில்லை.

அது இலங்கையில் வலப்பனைக்கு மேலே, மலை முதுகில் இருக்கிற தேயிலைத் தோட்டம். அதன் கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்கில், வரிசை வீடுகளான லயங்களில் கடைசி லயத்தின் கடைசிக் காம்பரா, ஒற்றை அறை, ஜீவராணியுடையது. புருஷன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போடுகிறான். தீபாவளிக்கு வருவான், பொங்கலுக்கு வருவதாகச் சொல்வான். பெண் பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போகின்றன. ஜீவராணிக்கு விடியும் முன்னே மாட்டுக்குப் புல், பிறகு வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு ஓட்டம், மலையில் கொழுந்து, பின்னேரம் தராசு, திரும்பும் வழியில் மறுபடி மாட்டுக்குப் புல். கொழுந்துக் கூடையின் கயிறு உச்சந்தலையில் பதிந்து, அங்கே முடி முளைப்பதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. கூடை இல்லாதபோது அந்த இடத்தில் புல்லுக்கட்டு இருக்கும். அவள் தலை சும்மா இருந்ததைப் பார்த்தவர்கள் தோட்டத்தில் குறைவு.

தோட்டத்து மாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அது மேயாது. தேயிலைக்குள் மாடு இறங்கினால் மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஐயா வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார் என்பதால், பிறந்த நாளிலிருந்து அதற்குக் கொட்டில்தான் உலகம். புல் அதைத் தேடி வரும். ஜீவராணியின் பசு லெச்சுமி அப்படித்தான் வாழ்ந்தது. பால் கொடுத்ததால் அதற்கு வாழ உரிமை இருந்தது. லெச்சுமி பெற்ற காளைக்கன்று பால் தராது, கன்றும் போடாது, மேயவும் போகாது. நின்ற இடத்தில் நின்று தின்னும். கொஞ்சம் தாமதித்தால் லயமே அதிரக் கத்தும். அதனால் அதற்கு, பங்களாவில் இருக்கும் தோட்டத்து மேலாளரைப் போல, 'துரை' என்று பெயர் வந்தது. வைத்தவள் பக்கத்துக் காம்பரா ராக்காயி.

"வேல செய்யுதா? இல்ல. திங்குதா? திங்குது. சத்தம் போடுதா? போடுது. அப்பறம் வேற என்னாடி பேரு வைக்க?" என்றாள் ராக்காயி.

துரைக்கு ஒரே ஒரு வித்தை தெரியும். பசித்தால் நெற்றியைக் கொட்டில் கதவில் வைத்துத் தள்ளும். பலகை முறியும். ஜீவராணி வேறு பலகை அடிப்பாள். இரண்டரை வயதில் அது தின்ற புல்லை ஒன்றாகக் குவித்தால் நாட்டிலேயே உயரமான பிதுருதலாகல மலைக்கு ஒரு தம்பி கிடைத்திருப்பான்.

துரைக்கு இரண்டரை வயதான அந்த மாசி மாதத்தில்தான் மாட்டு வியாபாரி ரிஸ்வி நானா வந்தார். வலப்பனை டவுனில் கடை, மலைக்கெல்லாம் ஒரு சின்ன லொறி. துரையைச் சுற்றி வந்து, முதுகைத் தடவி, பெருமூச்சு விட்டார்.

"ராணி, இவன வெச்சி நீங்க என்ன செய்யப்போற? லெச்சுமிக்குப் போடுற புல்ல இவன் திண்டுட்டு ஈக்கான்."

"தெரியும் நானா."

"கஷ்டமாத்தான் ஈக்கும். எனக்கும் வெளங்குது. ஆனா பாருங்க, நீங்க மெலிஞ்சி போற, அவன் கொழுத்துப் போறான்."

ஒரு கட்டுப் புல் குறைந்தால் எவ்வளவு நேரம் கூடத் தூங்கலாம் என்று ஜீவராணியின் மனம் கணக்குப் போட்டது. அதற்காக வெட்கமும் பட்டது. கடைசியில் தலையை ஆட்டினாள். விற்கும் மாட்டோடு விற்பவர் தன் கயிற்றைக் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் வீட்டு லட்சுமி கூடவே போய்விடுவாள் என்பது லயத்து நம்பிக்கை. ரிஸ்வி நானாவுக்கும் அது தெரியும். லொறியிலிருந்து தன்னுடைய நீல நைலான் கயிற்றை எடுத்துவந்து கொட்டில் ஆணியில் மாட்டினார். பேச்சு முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம்.

"அடுத்த கிழம லொறி வரும்."

அடுத்த கிழமை லொறி வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் வரவில்லை. அது இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் வருடம். நாட்டில் டீசல் இல்லாமல் போயிற்று. பஸ் நின்றது, கொழுந்து லொறி ஒருநாள் வந்தால் மூன்று நாள் வராமல் நின்றது, எண்ணெய் நிலையத்து வரிசையில் நின்றவர்கள் அங்கேயே சமைத்து அங்கேயே தூங்கினார்கள். நீலக் கயிறு ஆணியில் தொங்கியது. துரை அதன் கீழே நின்று புல் தின்றது. ஜீவராணி ஒவ்வொரு நாளும் கயிற்றைப் பார்ப்பாள்; ஒரு கட்டுப் புல்லைப் போட்டுவிட்டுத் திரும்புவாள்.

டீசலோடு சேர்ந்து அரிசியும் மாவும் எட்டாத உயரத்துக்கு ஏறின. பிள்ளைகளுக்கு ஒரு நேரம் ரொட்டி, ஒரு நேரம் அவித்த மரவள்ளி, ஒரு நேரம் 'நாளைக்குப் பார்க்கலாம்'.

சித்திரை வருடப்பிறப்பு கழிந்த ஒரு ஞாயிறு, கீழே சிங்களக் கிராமத்திலிருந்து டிங்கிரி பண்டா மாமா சாக்கோடு ஏறி வந்தார். கூன் விழுந்த ஒல்லி மனிதர். மலையடியில் படிப்படியாக இறங்கும் வயல் அவருடையது. முந்தின வருடம் அரசாங்கம் இரசாயன உரத்தைத் தடுத்ததிலிருந்து ஜீவராணியின் கொட்டிலுக்குச் சாணத்துக்கு வருவார். வரும்போது வாழைப்பூவோ ஈரப்பலாக்காயோ கொண்டுவருவார். பண்டா மாமாவுக்குத் தமிழ் தெரியும், அவசரத்துக்கு வராது. ஜீவராணிக்குச் சிங்களம் வரும், கோபத்துக்கு வராது. இரண்டையும் கலந்து அவர்கள் நன்றாகவே பேசிக்கொள்வார்கள். அவளை அவர் 'துவ', மகளே, என்றுதான் கூப்பிடுவார்.

அன்றைக்கு அவர் சாணத்தை அள்ளவில்லை. துரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"துவ, இந்தப் பையன் என்ன வேல செய்றது?"

"திங்கிறது மாமா."

"நமக்கு வயல் உழ ஏலாது. கை டிராக்டருக்கு எண்ண இல்ல. வாய்க்கால்ல நமக்குத் தண்ணி முறை வந்தது. முறை போனா இந்தப் போகம் போச்சு." அவர் விரல்களைக் காற்றில் ஊதிக் காட்டினார். "அடுப்புக்கு மேல அட்டத்தில நம்ம அப்பாட கலப்ப இருக்குது. எரும ஒண்ணு இருக்குது. கலப்பைக்கு ரெண்டு வேணும்."

ஜீவராணிக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு துரையைப் பார்த்தாள். ஆணியில் தொங்கிய கயிற்றைப் பார்த்தாள்.

"நெல்லுல எங்களுக்குப் பங்கு உண்டா மாமா?"

"மூணுல ஒண்ணு. வைக்கோல் எல்லாம் உனக்கு."

வைக்கோல் என்றதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மலையேறிப் புல் அறுக்காமல் கொட்டிலில் நின்றபடியே எடுத்துப் போடக்கூடிய தீனி! அரிசி பிள்ளைகளுக்கு, வைக்கோல் மாட்டுக்கு. துரை உழுதால் தன் சாப்பாட்டைத் தானே சம்பாதித்துக்கொள்ளும். சம்பாதிக்கிறவனை யாரும் லொறியில் ஏற்ற மாட்டார்கள். உழாவிட்டால், டீசல் வந்த அன்று ரிஸ்வி நானாவும் வருவார். அவ்வளவுதான் விஷயம்.

செய்தி லயத்தில் பரவியது. ராக்காயி வாசலில் குந்தி உட்கார்ந்து சிரிசிரியென்று சிரித்தாள்.

"ஏர் உழப் போறியாக்கும்! எங்க பாட்டன் திருச்சியில ஏழு ஏர் பூட்டுனவரு, தெரியுமா?"

"எல்லாருட பாட்டனும் ஏழு ஏருதான் பூட்டுனாங்க. ஏழு ஏர் பூட்டுனவன் எதுக்குடி கப்பல் ஏறுனான்?" என்றாள் ஜீவராணி.

இந்தியாவிலிருந்து வந்து இறங்கிய நாள் தொட்டு அந்த மலையில் ஒருவரும் ஏரைத் தொட்டதில்லை. காட்டை வெட்டக் கோடரி, குழி போட அலவாங்கு, மண்ணைக் கிளற முள்ளு, களை எடுக்கச் சுரண்டி, கவ்வாத்துக்குக் கத்தி. எல்லாம் மனிதக் கைக்கு அடித்த இரும்பு. செங்குத்து மலையில் மாடு நடந்தால் மண் போய்விடும், மனிதன் நடந்தால் மனிதன்தானே போவான்! ஆகவே மாடு கொட்டிலில் நின்றது, மனிதர்கள் மலையேறினார்கள். ஏரை அவர்கள் பார்த்ததெல்லாம் பொங்கல் வாழ்த்துப் படத்தில்தான்.

துரையைக் கீழே கொண்டுபோவதே ஒரு திருவிழா. நீலக் கயிற்றை எடுத்துக் கழுத்தில் கட்டி இழுத்தாள். கொட்டில் வாசலைத் தாண்டியதும் துரை நின்றுவிட்டது. உலகம் இவ்வளவு பெரியது என்று அதற்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பாதை ஓரத்தில் முழங்கால் உயரம் புல் நின்றது. துரை அதை முகர்ந்துவிட்டுப் பின்வாங்கியது. புல் என்பது ஜீவராணியின் தலையில் முளைக்கும் பயிர் என்றுதான் அது இதுவரை நம்பியிருந்தது. மண்ணில் நிற்கும் பச்சை அதற்குச் சந்தேகமாக இருந்தது.

இழுத்தும் பார்த்தாள், தள்ளியும் பார்த்தாள். கடைசியில் சலித்துப்போய் பாதையோரத்துப் புல்லையே அறுத்து, கட்டித் தலையில் வைத்து, "வந்தா வா, வராட்டி போ" என்று நடந்தாள். பின்னால் குளம்புச் சத்தம் கேட்டது. கட்டு போகும் இடத்துக்கெல்லாம் துரை போனது. ஆற்றைக் கடந்தது, பாலத்தைக் கடந்தது, கிராமத்து நாய்களைக் கடந்தது. ஜீவராணிதான் களைத்துப்போனாள். வேலைக்குப் போகும் மாட்டுக்கும் அவளே தலைச்சுமை தூக்க வேண்டியிருந்தது.

பண்டா மாமா கலப்பையை அட்டத்திலிருந்து இறக்கி வைத்திருந்தார். இருபத்தைந்து வருட அடுப்புப் புகை குடித்துத் தார் போலக் கறுத்திருந்தது. ஒரே ஆள் தோளில் தூக்கக்கூடிய சின்னக் கலப்பை. பிடிக்க ஒரு மேழி, நீளமாக ஓர் ஏர்க்கால், முனையில் நாக்குப் போல ஓர் இரும்புக் கொழு. "இவ்வளவுதானா?" என்று கேட்டாள் ஜீவராணி. தோட்டத்தில் மண் கிளறும் முள்ளே இதைவிடப் பாரம்.

எருமை கரிய கிழவி. பெயர் களு. அது துரையை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டது. பண்டா மாமா இரண்டின் கழுத்திலும் நுகத்தடியை வைத்து, தொண்டைக்குக் கீழே பூட்டாங்கயிற்றைக் கட்டினார். மேழியைப் பிடித்துச் சிங்களத்தில் ஒரு குரல் கொடுத்தார். களு நகர்ந்தது. துரைக்குச் சிங்களம் தெரியாது. ஜீவராணி, "போடா, போ சாமி" என்றாள். துரை ஓர் அடி வைத்தது.

நுகத்தடி மெதுவாக வழுக்கிப் பின்னால் போனது. தோளைக் கடந்து முதுகுக்கு வந்தது. அது பின்னால் போகப் போகத் தொண்டைக் கயிறு இறுகியது. துரைக்கு நாக்கு வெளியே வந்தது. இருமியது, கண்ணை உருட்டியது, பிறகு இப்படி ஒரு வேலை தனக்கு வேண்டாம் என்று சேற்றில் கம்பீரமாகப் படுத்துவிட்டது.

பண்டா மாமா அவிழ்த்துவிட்டு அதன் முதுகைத் தடவினார். மறுபடி தடவினார்.

"துவ… இவனுக்குத் திமில் இல்ல."

ஜீவராணி ஓடிவந்து பார்த்தாள். உண்மைதான். கழுத்திலிருந்து வால் வரை மேசைபோலச் சமமாக இருந்தது. இரண்டரை வருடமாக அந்த முதுகைத் தேய்த்துக் குளிப்பாட்டியவள் அவள்தான். அங்கே ஒன்று இல்லாமல் இருப்பதை ஒருநாளும் கண்டதில்லை. பாலுக்காக வந்த சீமை இரத்தம்; அந்த இரத்தத்தில் திமில் கிடையாது. ஊர் மாட்டுக்கு நுகத்தடி திமிலில் முட்டி நிற்கும். எருமைக்குத் திமில் இல்லாவிட்டாலும் தோள் எலும்பு மேடாக நிற்கும். துரையிடம் நுகத்தடி வந்து முட்ட ஒரு மொட்டுக்கூட இல்லை. பண்டா மாமாவோ வாழ்நாளெல்லாம் எருமையில் உழுதவர். திமிலைப் பற்றி யோசிக்க அவருக்கு அவசியமே வந்ததில்லை.

"தப்பு நம்மட," என்றார் அவர். வரப்பில் உட்கார்ந்தார். வெற்றிலையை எடுத்தார், பிறகு போடாமலே வைத்துக்கொண்டார். வாய்க்காலில் தண்ணீர் அவர் முறைக்கு ஓடிக்கொண்டிருந்தது. அது யாருக்காகவும் காத்திருக்காது.

மேலே பாதையில் ராக்காயியும் இன்னும் இரண்டு பெண்களும் விறகோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"என்னா ராணி, துரை பங்களாவுக்குப் போகணும்னு படுத்திட்டாரா?"

ஜீவராணியும் வரப்பில் உட்கார்ந்தாள். தலையில் புல்லுக்கட்டு இன்னும் இருந்தது. இறக்கி வைக்கக்கூடத் தோன்றவில்லை. கழுத்து வலித்தது. அலுப்பில் மனிதனுக்குக் கோபம் வரும், அழுகை வரும். அவளுக்கு எப்போதாவது ஒரு யோசனை வரும்.

'முதுகுல என்னா இருக்கு? எனக்குந்தான் முதுகுல ஒண்ணும் இல்ல. நான் என்ன முதுகுலயா தூக்குறேன்? கூடைய இழுக்கிறது தலைதானே.'

எழுந்தாள். கட்டை இறக்கினாள். கொழுந்து பறிக்க இடுப்பில் சுற்றும் சாக்குத் துணியான படங்கை அவிழ்த்து மடித்தாள். தலைத்துணியையும் அவிழ்த்து அதன்மேல் வைத்து மடித்தாள், கூடைக்கயிறு உறுத்தாமல் இருக்கத் தினமும் மடிக்கிற அதே மடிப்பு. துரையின் நெற்றியில், கொம்புக்குக் கீழே அதை வைத்தாள். ரிஸ்வி நானாவின் நீலக் கயிற்றை அதன் மேலாக ஓட்டி, இரண்டு கொம்பின் அடியிலும் சுற்றி, நுகத்தடியோடு இறுக்கிக் கட்டினாள். தொண்டையில் கயிறே இல்லை.

"துவ, மாட்டுக்குக் கொழுந்துக் கூட கட்டுறதா?" என்றார் பண்டா மாமா.

"ஆமா மாமா. பெரட்டுக்கு வந்தாச்சு, கூட கட்டாம என்னா?"

கட்டை மறுபடி தலையில் தூக்கிக்கொண்டு துரைக்கு முன்னால் சேற்றில் இறங்கி நடந்தாள். துரை கட்டைப் பார்த்தது. நெற்றியில் ஏதோ அழுத்துவதை உணர்ந்தது. நெற்றியில் அழுத்தினால் என்ன செய்ய வேண்டும் என்று அதற்கு நன்றாகத் தெரியும்; எத்தனை கொட்டில் கதவை உடைத்திருக்கிறது! தலையைத் தாழ்த்தித் தள்ளியது. நுகத்தடி நகர்ந்தது. கொழு சேற்றைக் கிழித்தது. களு, ஒரு பொடியன் தன்னை முந்துவதா என்று வேகத்தைக் கூட்டியது. பண்டா மாமா மேழியைப் பிடித்தபடி பின்னால் கிட்டத்தட்ட ஓடினார். அவருடைய தகப்பனார் பாடிய ஏதோ ஒன்று அவர் வாயிலிருந்து பாதி பாதியாக வந்தது.

சால் நேராக வந்தது என்று சொன்னால் அது பெரும் பொய். பாம்பு போன தடம்போல வந்தது. அந்த வளைவைப் பார்த்து மீன்கொத்திக்குத் தலைசுற்றி வாய்க்காலில் விழுந்தது என்று ராக்காயி பிறகு ஊரெல்லாம் சொன்னாள்.

அன்று அவள் பாதையிலிருந்து கத்தியது இதுதான்: "முன்னால ஒருத்தி, பின்னால ஒருத்தரு, நடுவுல ரெண்டு! இதுல மாடு யாருன்னுதான் வெளங்கல!"

ஜீவராணிக்கும் அது விளங்கவில்லை. கொழுந்து லொறி வராத நாட்களில் மலையில் வேலை பாதி நேரத்தில் முடிந்துவிடும். அப்போதெல்லாம் கட்டைத் தூக்கிக்கொண்டு, துரையைக் கூட்டிக்கொண்டு இறங்குவாள். முழங்கால் சேற்றில் போவதும் வருவதுமாக நடப்பாள். கட்டை இறக்கி வைத்தால் துரை நின்றுவிடும். பிறகு அதைத் தின்னக் கொடுத்து, வேறு கட்டு அறுத்து, வேறு படி வயலுக்கு ஏறுவாள். இரவில் கால் இரண்டும் வேறு யாருடையதோபோல் கிடக்கும். பிள்ளைகள் தைலம் தடவ வந்தால், தடவி முடிக்கும் முன்னே தூங்கியிருப்பாள். ஆனால் தண்ணீர் முறை முடிவதற்குள் பண்டா மாமாவின் வயல் முழுவதும் உழுதாகிவிட்டது. அக்கம்பக்கத்து வயல்களில் பாதி, டிராக்டர் நின்ற இடத்திலேயே புல் முளைத்துக் கிடந்தன.

உரமில்லாத போகம். கதிர் கனமாக வரவில்லை. ஆனாலும் வந்தது. ஆவணிக் கடைசியில் ஜீவராணியின் காம்பராவில் நெல் மூட்டை வந்து சாய்ந்து நின்றது. கொட்டிலின் கூரைக்குக் கீழே வைக்கோல் அடைந்து நின்றது. முதல் சோறு வடித்த அன்று பிள்ளைகள் கறி கேட்கவில்லை. ஜீவராணி ஒரு நாள் முழுக்க அறுவாளைத் தொடவில்லை. வைக்கோலை இழுத்துப் போட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்து, பாதியில் நின்றிருந்த அந்தக் கொட்டாவிகளில் சிலவற்றை விட்டுத் தீர்த்தாள்.

அதே கிழமை டீசல் வந்தது. தொலைபேசியில் கியூ.ஆர். என்று ஒரு கட்டம் போட்ட படத்தைக் காட்டினால் அளந்து ஊற்றினார்கள். கீழே கை டிராக்டர்கள் இருமிக்கொண்டு எழுந்தன. பண்டா மாமா கலப்பையைக் கழுவி மறுபடி அட்டத்தில் ஏற்றினார் என்று செய்தி வந்தது. அது கேட்டு ஜீவராணி கொட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஓடும் டிராக்டருக்குப் பக்கத்தில் ஒரு மாட்டுக்கு என்ன வேலை? ஒரு போகத்து வைக்கோல் எத்தனை நாளைக்கு வரும்?

டிராக்டருக்கு வந்த டீசல் லொறிக்கும் வந்தது. ரிஸ்வி நானா லயத்து வாசலில் இறங்கினார்.

"ராணி, நான் வாக்கு மாறல்ல. எண்ணதான் மாறிச்சி. என்ட கயிறு எங்க?"

நீலக் கயிறு ஆணியில் இருந்தது. சேறேறி, நார் பிரிந்து. அவர் அதைக் கையில் எடுத்து, "இது என்ன, கயித்துக்கும் வயசு போயிட்டா?" என்றார்.

அன்று மலையில் மழை. உடம்பு முழுக்க ஈரம். ஜீவராணி தலையில் புல்லுக்கட்டோடு அப்போதுதான் வந்திருந்தாள். 'போகட்டும். ஒரு கட்டுப் புல் மிச்சம். வாக்கு வாக்குதானே' என்று ஒரு மனம் சொன்னது. இன்னொரு மனம் நெல் மூட்டையின் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது. தலையை ஆட்டினாள். மாசியில் ஆட்டிய அதே தலை.

லொறி சரிவில், இறக்கத்தைப் பார்த்து நின்றது. பின்பலகையை இறக்கிச் சாய்த்தார்கள். துரை ஏறவில்லை. இழுத்தார்கள், தள்ளினார்கள். ராக்காயி வாசலில் நின்று, "துரைமாரு லொறியில போவாங்களா? காரு கொண்டு வாங்க!" என்றாள், ஆனால் முகத்தை உள்ளே திருப்பிக்கொண்டாள்.

"ராணி, அவன் ஒங்களுக்குப் பின்னாலதான் வருவான். நீங்க ஏறுங்க," என்றார் ரிஸ்வி நானா, அவளைப் பார்க்காமல்.

ஜீவராணி தலையில் கட்டோடு லொறிக்குள் ஏறி, முன்பக்கத் தகரத்தில் சாய்ந்து நின்றாள். இதுவரை செய்த வேலைகளிலேயே இதுதான் அவளுக்குப் பாரமாக இருந்தது. துரை நிமிர்ந்து பார்த்தது. முன்னால் ஜீவராணி. தலையில் கட்டு. இப்படி நின்றால் என்ன அர்த்தம் என்று அதற்கு ஒரு போகம் முழுக்கச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

தலையைத் தாழ்த்தியது. சாய்த்து வைத்த பலகையில் ஏறவில்லை. பக்கத்தில், லொறியின் பின்தகட்டில் நெற்றியை வைத்துத் தள்ளியது.

ரிஸ்வி நானாவின் கைப்பிரேக், அவரைப் போலவே இளகிய மனசு உள்ளது. லொறி ஓர் அடி நகர்ந்தது. இன்னும் ஓர் அடி. பிறகு சரிவு மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. லொறி உருண்டது, உள்ளே புல்லுக்கட்டோடு ஜீவராணி, பின்னால் விடாமல் நெற்றியால் தள்ளியபடி துரை, அதன் பின்னால் சாரத்தை மடித்துப் பிடித்துக்கொண்டு, "யா அல்லாஹ்! நில்லுடா! நில்லு!" என்று ரிஸ்வி நானா. லயம் முழுவதும் வாசலுக்கு வந்தது. நாய்கள் குரைத்தன. லொறி வலப்பனை டவுன் வரை போனது என்பார்கள், ஹட்டன் வரை போனது என்பாரும் உண்டு. உண்மையில் அது வளைவில் திரும்பாமல், காட்டுப்பூவரசைத் தாண்டி, தேயிலைச் செடிகளின் மேல் மெத்தையில் உட்காருவதுபோல் உட்கார்ந்தது. முன்சக்கரம் ஒன்று வடிகால் கானுக்குள் இறங்கியிருந்தது.

ஓடிப்போய் எட்டிப் பார்த்தவர்களுக்கு முதலில் ஜீவராணிக்கு என்ன ஆயிற்று என்றே தெரியவில்லை. லொறிக்குள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கட்டு இன்னும் தலையில்தான். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று ராக்காயி ஏறப் போனாள். ஆனால் ஜீவராணி சிரித்துக்கொண்டிருந்தாள். சத்தமே வராமல், கண்ணில் தண்ணீர் வர.

"பெறந்ததுல இருந்து… என்னைய ஒருத்தரும் தள்ளிக்கிட்டுப் போனதில்லடி," என்றாள், மூச்சு வாங்க. "நான் உக்காந்து… எனக்குப் பின்னால மாடு வேல செய்யுது…"

துரை லொறியின் பின்னால் நின்று, கட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

ரிஸ்வி நானா லொறியைச் சுற்றி வந்தார். இரண்டு பேர் தூக்கிப் பார்த்தார்கள், நான்கு பேர் பார்த்தார்கள். சக்கரம் அசையவில்லை. எல்லார் கண்ணும் ஒரே இடத்துக்குப் போனது. ஜீவராணி இறங்கினாள். தலைத்துணியை மடித்தாள். துரையின் நெற்றியில் வைத்து, ரிஸ்வி நானாவின் கையில் இருந்த நீலக் கயிற்றை ஒன்றும் கேட்காமல் வாங்கி, கொம்பில் சுற்றி, மறு முனையை லொறியின் பின்பக்கத்தில் கட்டினாள். பாதையில் ஏறி நின்று கட்டைத் தலையில் தூக்கினாள்.

"வா சாமி."

துரை இழுத்தது. நான்கு பேர் முன்னாலிருந்து பின்னுக்குத் தள்ளினார்கள். சக்கரம் கானை விட்டு ஏறியது. பிறகு, தேயிலை முறிந்ததற்குக் கண்டாக்கு ஐயாவுக்கு என்ன சொல்வது என்று எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள்.

ரிஸ்வி நானா தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார். துரையின் நெற்றியில், துணிக்குக் கீழே காய்த்துப்போயிருந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு, கட்டை இறக்கி வைத்திருந்த ஜீவராணியின் உச்சந்தலையைப் பார்த்தார். துணி இல்லாத தலையில் அதே இடம், அதே காய்ப்பு.

"இல்ல ராணி, ஏலாது," என்றார். "என்ட லொறியக் கானிலிருந்து எடுத்தவன, அதே லொறியில நான் எப்பிடி ஏத்துற? ராவைக்குச் சோறு எறங்குமா?"

"வாக்கு நானா…"

"வாக்கு எனக்குத் தந்தது. நான்தான் திருப்பித் தாரன். கயிறு அவன்ட தலையிலயே ஈக்கட்டும்." லொறியில் ஏறி, தலையை வெளியே நீட்டினார். "ஆனா ஒண்டு சொல்றன். அவனுக்கு ஒரு வேல பாருங்க. சும்மா வெச்சி ஈந்தா ஒங்களையே திண்டுருவான்."

மறுநாள் ஜீவராணி தலையில் கட்டோடு துரையையும் கூட்டிக்கொண்டு பண்டா மாமாவிடம் போனாள். வேலை கேட்டு அவள் யாரிடமும் போனதில்லை. வேலைதான் எப்போதும் அவளைத் தேடி வரும். பண்டா மாமா வெற்றிலையை மென்றபடி மலைப்பக்கம் கையைக் காட்டினார். அவருடைய வயலின் உச்சியில், பாய் அகலமே உள்ள படிகள் மானாப்புல்லும் கொய்யாவும் மண்டிக் கிடந்தன. கை டிராக்டர் வாங்கிய வருடம் கைவிட்டவை. டிராக்டருக்கு அங்கே திரும்ப இடமில்லை.

"அது உழுதா, வர்றதில பாதி உனக்கு. களுவுக்கும் வயசு போறது, ஆனா அவன் வந்தா அவளுக்கும் கோபத்தில பெலம் வரும்." பிறகு யோசித்து, "ஆனா துவ, முன்னால நடக்கிறது நீ. உனக்குக் கஷ்டம்," என்றார்.

ஜீவராணி அந்தப் படிகளை அண்ணாந்து பார்த்தாள். அவ்வளவு உயரத்துக்குக் கட்டோடு ஏற வேண்டும், இறங்க வேண்டும், மறுபடி ஏற வேண்டும். துரைக்கு வேலை கிடைத்துவிட்டது. கூடவே அவளுக்கும் ஒன்று கிடைத்துவிட்டது.

"கஷ்டந்தான் மாமா," என்றாள். "எப்ப தண்ணி முறை?"

திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. லயத்துக்குப் போகும் ஏற்றம் எப்போதையும்விட நீளமாகத் தெரிந்தது. பாதி வழியில் அவள் நின்றாள். தலையிலிருந்த கட்டை இறக்கி, துரையின் கொம்புகளுக்கு நடுவே, அதன் நெற்றிக்கு மேலே வைத்து, முன்னால் தொங்கும்படி நீலக் கயிற்றால் கட்டினாள். கட்டு தன் கண்ணுக்கு முன்னாலேயே, எட்டாத தூரத்தில் ஆடியதைக் கண்டதும் துரை அதைப் பிடிக்க மேலே நடக்கத் தொடங்கியது. ஜீவராணி அதன் வாலை எட்டிப் பிடித்துக்கொண்டாள். அது இழுக்க, இவள் கண்ணை மூடிக்கொண்டே ஏறினாள்.

ஏறிக்கொண்டே அவள் தூங்கிவிட்டாள் என்று ராக்காயி சத்தியம் செய்கிறாள். அது பொய்யாகத்தான் இருக்கும். ஆனால் கொட்டில் வாசலுக்கு வந்ததும் பிள்ளைகள் கூப்பிட்டபோது, முதல் இரண்டு தடவை அவளுக்குக் கேட்கவில்லை.